கதவில் தொங்கும் அட்டை: மருத்துவமனைத் தனிமைப்படுத்தல் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

1

தனிமைப்படுத்துதல் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே நம்மில் பலருக்கு உடனே ஃபூக்கோ ஞாபகம் வந்துவிடுகிறது. 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் அவர் இரண்டு மாதிரிகளை எதிரெதிராக நிறுத்துவார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது ஒன்று. கொள்ளைநோய் வந்த நகரத்தைத் தெருத்தெருவாகக் கட்டம் பிரித்து, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்குள் நிறுத்தி, பெயர் எழுதி, தினமும் எட்டிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது விலக்கம், இரண்டாவது ஒழுங்காக்கம். இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்கிற நமக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருக்கிறது என்று சொல்லி ஒரு நோயாளியைத் தனியறையில் போட்டு, கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, உள்ளே போகிறவர்களெல்லாம் கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் தீர்ப்பு கைவசம் தயாராக இருக்கிறது. 'அதிகாரம்' என்று எழுதிவிட்டால் கட்டுரை முடிந்தது.

மருத்துவரிடம் போனால் அவரிடமும் ஒரு தீர்ப்பு தயாராகத்தான் இருக்கிறது. 'விஞ்ஞானம் சொல்கிறது, செய்கிறோம். இதில் அரசியலுக்கு என்ன இடம்?' என்பார். கிருமி கையில் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிறது. தடுக்காவிட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் செத்துப் போவார். இதுவும் பொய்யில்லை.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே அறைக்குள் கிடக்கும் ஆளை யாரும் பார்ப்பதில்லை. கிருமி உண்மையானது. அதைச் சாக்காக வைத்து நடக்கிற விலக்கமும் உண்மையானது. எந்த இடத்தில் தடுப்பு முடிந்து விலக்கம் ஆரம்பிக்கிறது, யாருடைய செலவில் யார் காப்பாற்றப்படுகிறார்கள் என்று கேட்பதுதான் விமர்சனம். அந்தக் கோட்டைத் தேடிப் பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் வேலை.

2

முதலில் அந்த அட்டையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. உலகம் முழுக்க மருத்துவமனைகள் பின்பற்றுகிற விதிகள் பெரும்பாலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கையேடுகளிலிருந்து வந்தவை. 1970இல் வெளியான கையேடு நோயாளிகளை ஏழு வகைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறத்தில் அட்டை. நோயாளி யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு முன்பாக அவர் என்ன நிறம் என்பது கதவிலேயே தெரிந்துவிடும்.

1985இல் எய்ட்ஸ் காலத்தில் இந்தத் தர்க்கம் தலைகீழானது. யாருடைய ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றக்கூடியதாகவே கருது, ஊசியை ஒழுங்காகப் பிடி, கையுறை போடு என்று விதி வந்தது. மருத்துவ வரலாற்றில் இதை ஒரு ஜனநாயகத் தருணம் என்றே நான் சொல்வேன். சந்தேகம் எல்லா உடல்கள் மீதும் சமமாக விழுந்தபோது, குறி வைக்கப்பட்ட உடல் என்று தனியாக ஒன்று இல்லாமல் போனது. கவனம் நோயாளியின் உடம்பை விட்டுச் சிகிச்சை தருகிறவரின் கைக்கு வந்து சேர்ந்தது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் சொன்னதும் அதைத்தான். பிரசவ வார்டில் பெண்கள் சாவதற்குக் காரணம் அந்தப் பெண்கள் அல்ல, பிணவறையிலிருந்து கழுவாத கையோடு வரும் மருத்துவர்களே என்றார். மருத்துவ உலகம் அவரை என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்த கதை.

1996இல் வந்த விதி 1985இன் சமத்துவத்தைப் பொது முன்னெச்சரிக்கை என்று எல்லா நோயாளிகளுக்கும் விரித்தது. கூடவே தொடுகை, எச்சில் திவலை, காற்று என்று கிருமி பரவும் வழிகளைப் பிரித்து, அவற்றுக்கான அட்டையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2006இல் மருந்தெதிர்ப்புக் கிருமிகளுக்கென்றே தனி வழிகாட்டி வந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ்தான் இதில் பிரதானப் பாத்திரம். மெதிசிலின் மருந்து புழக்கத்துக்கு வந்தது 1959 வாக்கில். அதற்குக் கட்டுப்படாத கிருமி இங்கிலாந்தில் பதிவானது 1961இல். இரண்டே வருஷம்.

இந்தப் பிரதியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அட்டையில் இல்லை. இந்தக் கிருமிகளில் பெரும்பகுதி நோயாளிக்கு மருத்துவமனையில் கிடைத்தவை. குடல்வால் அறுவைக்கு வந்தவர் ஆஸ்பத்திரிக் கிருமியோடு கிடக்கிறார் என்றால், அது யாரோ கழுவாத கை, யாரோ துடைக்காத கட்டில், யாரோ அவசரப்பட்டு எழுதிய ஆண்டிபயாட்டிக். ஆனால் அட்டை தொங்குவது அவருடைய கதவில். நிறுவனத்தின் தவறு நோயாளியின் அடையாளமாக மொழிபெயர்க்கப்படுகிறது. கொடுத்தவர் மறைந்து வாங்கியவர் குற்றவாளியாவது நமக்குப் புதிய கதையாடல் அல்ல.

இரண்டாவது, சொற்கள். நோய் இல்லாமல், மூக்கிலோ தோலிலோ குடலிலோ கிருமியை மட்டும் சுமந்து திரிகிறவரை மருத்துவ மொழி 'காலனியாக்கப்பட்டவர்' என்கிற அர்த்தத்தில்தான் அழைக்கிறது. நெதர்லாந்தில் இந்தக் கிருமிக்கு எதிரான கொள்கைக்கு வைத்திருக்கும் பெயர் 'தேடி அழி'. வியத்நாமில் அமெரிக்கப் படை கிராமங்களுக்குள் நுழைந்தபோது பயன்படுத்திய அதே சொல். கிருமிக்கு எதிரான போர் என்கிற உருவகம் எப்போதும் ஒரு நிலப்பரப்பைக் கேட்கிறது. அந்த நிலப்பரப்பு ஒருவருடைய உடம்பு.

3

சரி, இதெல்லாம் சொல்லாடல் சமாச்சாரம், அறைக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருத்துவர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1999இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு அவதானிப்பு: தனிமையில் வைக்கப்பட்டவரின் அறைக்குள் ஊழியர்கள் நுழைவது மற்றவர்களின் அறைக்குள் நுழைவதில் பாதி. 2003இல் வந்த இன்னொரு ஆய்வில், காலையில் சுற்றி வரும் மூத்த மருத்துவர்கள் மற்ற நோயாளிகளில் 73 சதவீதம் பேரைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். தனிமையில் இருந்தவர்களில் 35 சதவீதம் பேரைத்தான். அதே 2003இல் டொரன்டோவிலும் பாஸ்டனிலும் உள்ள இரண்டு பெரிய மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வு இன்னும் கறாரானது. எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்காகத் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குச் சிகிச்சையின் போக்கில் நேர்ந்த கேடுகள் ஆயிரம் நாளுக்கு 31. மற்றவர்களுக்கு 15. இந்த வித்தியாசம் பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய கேடுகளால் வந்தது. கீழே விழுதல், படுக்கைப் புண், உடம்பில் நீர்ச்சத்தும் உப்பும் தாறுமாறாதல் என்று எல்லாமே ஒருவர் வந்து எட்டிப் பார்த்திருந்தால் நடக்காமல் போயிருக்கக் கூடியவை. மருத்துவர் குறிப்பு எழுதாமலே விட்டுப்போன நாட்களும் இவர்களுக்கு இரண்டு மடங்கு.

இந்த எண்களை ஃபூக்கோவின் இரண்டு மாதிரிகளோடு வைத்துப் பார்த்தால் நம்முடைய வாய்ப்பாடு ஆட்டம் காண்கிறது. கொள்ளைநோய் நகரத்தில் அதிகாரம் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு, பார்க்காமல் விடுவது. ஏட்டில் கண்காணிப்பு, நடைமுறையில் கைவிடல். கவுன் மாட்ட இரண்டு நிமிஷம், கழற்ற ஒரு நிமிஷம், ஒரு நர்சுக்கு இருபது நோயாளி. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கால் தானாகவே அடுத்த கட்டிலுக்குப் போகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பராமரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய இடத்தில், கொஞ்சம் சிரமமான உடல் முதலில் கைவிடப்படுகிறது. அதிகாரத்தை எப்போதும் உற்றுநோக்கும் ஒரு கண்ணாக மட்டுமே கற்பனை செய்து பழகிய நமக்கு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதிகாரம் கண்ணில் படுவதில்லை.

2013இல் வெளியான ஒரு பரிசோதனை இதற்கு வேறொரு பரிமாணம் தருகிறது. அமெரிக்காவின் 20 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கிருமி இருக்கிறதோ இல்லையோ, எல்லா நோயாளிகளிடமும் கவுனும் கையுறையும் போட்டே போக வேண்டும் என்று வைத்தார்கள். எதிர்பார்த்தபடி இரண்டு கிருமிகளின் பரவலையும் சேர்த்துக் குறைக்க முடியவில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. மட்டும் ஓரளவு குறைந்தது. அறைக்குள் போவது குறைந்தது. ஆனால் கேடுகள் கூடவில்லை. ஆட்கள் நிறைந்த தீவிர சிகிச்சைப் பிரிவையும் பொது வார்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஒரு சந்தேகத்தை இது கிளப்புகிறது. கேடு துணியிலோ கையுறையிலோ இருக்கிறதா, 'இவர் வேறு' என்று ஒருவரை மட்டும் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறதா? அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் இந்தக் குறிப்பிட்ட கிருமிகளுக்கு அட்டை மாட்டுவதையே கைவிட்டுவிட்டு, எல்லோருக்கும் கைகழுவல், எல்லோருக்கும் கிருமிநாசினிக் குளியல் என்று மாறிவிட்டன. அதனால் தொற்று பெருகவில்லை என்று சொல்லும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. விவாதம் முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'தேடி அழி' என்று பட்டாளத்துப் பெயர் வைத்த நெதர்லாந்து, ஐரோப்பாவிலேயே எம்.ஆர்.எஸ்.ஏ. மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. அங்கே தனிமைப்படுத்தல் வேலை செய்தது. எப்படி? 2005இல் அங்கே பன்றி வளர்க்கும் விவசாயிகளில் சிலரைச் சோதித்தபோது 26 பேரில் 6 பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. சாதாரண மக்களிடம் இருப்பதைவிட 760 மடங்குக்கும் அதிகம். உடனே பன்றி வளர்ப்பவர்கள் மருத்துவமனைக்கு வந்தாலே தனியறை என்று விதி வந்தது. வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்துவிட்டு வந்தவர்களுக்கும் அப்படியே. இத்தோடு நின்றிருந்தால் ஒரு தொழிலுக்குக் குறி வைத்த கதையாகவே முடிந்திருக்கும். ஆனால் 2009க்குப் பிறகு அந்த நாடு கால்நடைகளுக்குக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக்கைப் பாதிக்கும் மேல் குறைத்தது. அதாவது பன்றிக்காரரின் மூக்கிலிருந்து பண்ணைக்கும், பண்ணையிலிருந்து மருந்து வியாபாரத்துக்கும் கேள்வி பின்னோக்கிப் போனது. தனியறை ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. மற்ற கண்ணிகளைத் தொடத் தைரியம் இல்லாத இடத்தில் கடைசிக் கண்ணியை மட்டும் இறுக்கினால் அது கழுத்தைத்தான் இறுக்கும்.

4

ஒரு நோயாளிக்கு அட்டை மாட்டுவது போல ஒரு நாட்டுக்கே அட்டை மாட்டிய சம்பவமும் உண்டு. புது தில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டுபிடிக்கப்பட்ட கிருமி, கடைசிக் கையிருப்பான கார்பாபெனம் மருந்துகளையும் உடைக்கும் ஒரு நொதியைச் சுரந்தது. அதற்கு 'நியூ டெல்லி' என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். என்.டி.எம்.-1 என்பது அதன் சுருக்கம். 2010இல் வெளியான ஆய்வில் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியாவின் மற்ற ஊர்களிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் 73 மாதிரிகள் காட்டப்பட்டன. ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

பெயர் வைத்ததில் இருந்த காலனியப் பார்வையைச் சொல்லத்தான் வேண்டும். லண்டனில் ஒரு கிருமி பிறந்தால் உலகம் அதை அந்த ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். 'லான்செட்' ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் அந்தப் பெயருக்காக மன்னிப்பும் கேட்டார். ஆனால் இங்கே கிளம்பிய தேசிய ரோஷம் எதைப் பாதுகாத்தது? 'நம்முடைய மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெள்ளைக்காரன் செய்த சதி' என்று கூச்சல் போட்டவர்கள், அந்த 44 மாதிரிகள் யாருடைய சிறுநீரிலிருந்தும் சீழிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்று கேட்கவில்லை. வெளிநாட்டு நோயாளியின் டாலர்தான் கவலை. 2011இல் தில்லித் தெருக்களில் எடுத்த மாதிரிகளில், தேங்கிக் கசியும் நீரில் 171க்கு 51இலும், குழாய்த் தண்ணீரில் 50க்கு 2இலும் இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கும் பதில் கோபம்தான், குழாய் அல்ல. குடிக்கிற தண்ணீரிலேயே கிருமி இருக்கிற ஊரில் எந்தக் கதவில் அட்டை மாட்டுவது? மருத்துவமனைக்குள் தனியறை என்ற கருத்தே வெளியே சுத்தமான ஊர் ஒன்று இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

2012இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' சூழலைக் கொஞ்சம் மாற்றியது. சாத்தியமானதை முதலில் செய்வோம் என்ற நிதானம் அதில் இருந்தது. ஆனால் அதுவும் மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசிய அளவுக்குச் சாக்கடையைப் பற்றிப் பேசவில்லை.

5

இனி நம்முடைய வார்டுக்கு வரலாம். கையேட்டில் இருக்கும் தனியறை இங்கே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் ஒருவர், கீழே பாயில் ஒருவர் என்பது நாம் பார்த்துப் பழகிய காட்சி. கையேடு எழுதியவர்களின் கற்பனையில் இல்லாத இன்னொரு ஆளும் இங்கே உண்டு, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர். அம்மா, மனைவி, அக்கா, மருமகள் என்று பெரும்பாலும் பெண். கழுவிவிடுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, 'சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சு' என்று ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் அவள்தான். நம் மருத்துவமனைகளின் செவிலியப் பணியில் பாதியைச் சம்பளம் இல்லாமல் செய்கிறவள். கவுன், கையுறை பற்றிய எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. அவள் கை ஒரு கட்டிலோடு நிற்பதும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு ஆள் இல்லையென்றால் அவருக்கும் தண்ணி எடுத்துக் கொடுப்பாள். கையேடு இதைத் தொற்றுப் பாதை என்று சொல்லும். நாம் இதை வார்டு என்று சொல்கிறோம்.

அடுத்து, குப்பையும் ரத்தத் துணியும் அள்ளுகிறவர்கள். ஒப்பந்த முறையில் வேலைக்கு வைக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் தலித்துகள், பெரும்பாலும் பெண்கள். மருத்துவருக்குப் புதுக் கையுறை ஒவ்வொரு கட்டிலுக்கும். இவர்களுக்கு நாள் பூராவும் ஒரே ஜோடி, அதுவும் கிடைத்தால். தனியறைக்குள் மற்றவர்கள் போகத் தயங்கும்போது அந்த அறையைத் துடைக்க யாரை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். தொடக்கூடாததைத் தொடுவதற்கென்று ஒரு கூட்டத்தை நிரந்தரமாக வைத்திருக்கும் சமூகத்தில் 'தொடுகை முன்னெச்சரிக்கை' என்கிற விதி வெற்றிடத்தில் வந்து விழுவதில்லை. ஏற்கெனவே உழுது வைத்த நிலத்தில் விழுகிறது. 'அந்தப் பெட்டு பக்கம் போகாதே' என்று காதோடு சொல்லும் குரலில் கிருமி எவ்வளவு, தீட்டு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

ஆனால் பிரித்தாக வேண்டும். தனிமைப்படுத்தலும் தீண்டாமைதான் என்று ஒரே போடாகப் போடுவது வசதியானது, ஆபத்தானதும்கூட. தீண்டாமைக்குப் பரவும் வழி கிடையாது, பிறப்புதான் உண்டு. அதற்குச் சோதனை கிடையாது, அதனால் 'இனி இல்லை' என்று சொல்லும் நாளும் கிடையாது. விலக்கப்பட்டவருக்கு விலக்கியவர் எதுவும் கடன்பட்டிருப்பதில்லை. மருத்துவத் தனிமை நியாயமாக இருக்க வேண்டுமானால் இந்த மூன்றிலும் அது நேர் எதிராக இருக்க வேண்டும். கிருமி எந்த வழியில் பரவுகிறதோ அந்த வழியை மட்டும் அடைக்க வேண்டும். என்றைக்கு முடியும், எந்தச் சோதனையில் முடியும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். மற்றவர்களைக் காப்பாற்ற ஒருவர் தன் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதால் மற்றவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குக் கூடுதல் கவனிப்பு, வேலை போகாத உத்தரவாதம், வீட்டில் அடுப்பு எரிய வழி எல்லாம் அந்தக் கடனைச் சேர்ந்தவை. இதில் ஒன்று குறைந்தாலும் அட்டை மெல்ல மெல்லத் தீட்டாக மாறும்.

மாறும் என்பதற்கு நம் சட்டப் புத்தகமே சாட்சி. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த சட்டம் யாரைக் குறி வைத்தது? பிச்சையெடுக்கும் ஏழைத் தொழுநோயாளிகளை. வீட்டுக்குள் இருக்கும் வசதியான நோயாளியைப் பற்றி அந்தச் சட்டத்துக்குப் பெரிய அக்கறை இல்லை. 1980களில் கூட்டு மருந்து வந்து நோய் முழுக்கக் குணமாகக்கூடியதாக ஆன பிறகும் சட்டம் புத்தகத்தில் கிடந்தது. நீக்கப்பட்டது 2016இல். கிருமி செத்த பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

6

காசநோய்க்கு வராமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. காற்றில் பரவும் கிருமி என்பதால் இங்கே கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது. நோயாளியை ஊருக்கு வெளியே நல்ல காற்றில், நல்ல சாப்பாட்டோடு மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் அன்றைய சிகிச்சை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டது. மருந்து கைக்கு வந்த பிறகும் சானடோரியம் தேவைதானா? நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன, எடையும் கூடியது. ஆனால் 1959இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்றது. வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து ஆரம்பித்ததும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே தொற்றியிருக்கிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை முடிவும் ஒரு முக்கியக் காரணம். விலக்கத்தைத் தகர்த்தது இங்கே ஒரு தத்துவம் அல்ல. மருந்தும், அதை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்கத் தயாரான ஒரு நிறுவனமும்.

மருந்து கேட்காத காசநோய் வந்ததும் சானடோரியம் திரும்பி வந்தது. தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் டுகேலா ஃபெர்ரி என்ற கிராமப்புற ஊரில், 2005 ஜனவரியிலிருந்து 2006 மார்ச் வரை 53 பேருக்குப் பெரும்பாலான மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். சளி மாதிரி எடுத்ததிலிருந்து சாவு வரை இடைநிலைக் கணக்கு 16 நாள். சோதிக்கப்பட்ட 44 பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு முன் காசநோய் மருந்தே சாப்பிட்டதில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சமீபத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள். அதாவது 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளி' என்ற வழக்கமான குற்றச்சாட்டு இங்கே செல்லாது. மருந்தெதிர்ப்பை அவர்களில் பலர் வார்டின் காற்றிலிருந்து வாங்கினார்கள். இந்த 52 பேருக்கு முன்னால் நின்றுகொண்டு 'தனிமைப்படுத்தல் என்பது அதிகாரம்' என்று மட்டும் சொல்ல முடியுமா? அவர்களைக் கொன்றதில் தனிமைப்படுத்தாமல் விட்டதற்கும் பங்கு உண்டு. ஏழைகளின் மருத்துவமனையில் தடுப்பு இல்லாமல் இருப்பது சுதந்திரம் அல்ல.

அதே நாடு மறு கோடிக்கும் போனது. போர்ட் எலிசபெத்தின் ஹோசே பியர்சன் மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளை முள்வேலிக்குள் காவல் போட்டு மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். 2007 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், பலர் வேலியைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பார்க்கத்தான். பத்திரிகைகள் அவர்களைத் 'தப்பியோடியவர்கள்' என்று எழுதின. சிறையிலிருந்துதானே தப்பியோட முடியும்? 2011இல் அரசாங்கம் கொள்கையை மாற்றி, மருந்தெதிர்ப்புக் காசநோய்ச் சிகிச்சையை ஊர்களுக்கும் வீடுகளுக்கும் அருகே கொண்டுபோவதாக அறிவித்தது. சென்னை அரை நூற்றாண்டுக்கு முன்பு காட்டிய பாதைதான்.

இன்னொரு சின்ன விவரம். பெருவின் லிமா நகரில் 2007இல் மருத்துவமனை அறைகளின் காற்றோட்டத்தை அளந்தார்கள். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய காலத்து வார்டுகள், ஜன்னலைத் திறந்து வைத்தால், இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றும் நவீனத் தனியறைகளை விடத் தொற்று ஆபத்தைக் குறைப்பவை என்று தெரிந்தது. திறந்த ஜன்னல் யாருக்கும் அட்டை மாட்டுவதில்லை. கட்டிடக் கலையிலும் ஒரு 1985 சாத்தியம்.

7

இங்கிருந்து நமக்கான அரசியல் என்ன? எழுதுகிறவர்களும் களத்தில் நிற்பவர்களும் இந்தப் பிரச்சினையை இதுவரை மருத்துவர்களிடமே விட்டு வைத்திருக்கிறோம். மருத்துவமனை என்றால் கட்டணக் கொள்ளை, தவறான சிகிச்சை என்பதோடு நம் துண்டறிக்கை நின்றுவிடுகிறது. வார்டுக்குள் யார் யாரைத் தொடுகிறார்கள், யார் தொடாமல் போகிறார்கள் என்பது நுண் அரசியல் என்று நாம் பேசிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் விட நுண்ணியது.

கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. ஒரு மருத்துவமனையில் ஒரு வருஷத்தில் எத்தனை பேர் உள்ளே வந்த பிறகு தொற்று வாங்கினார்கள் என்ற எண்ணைப் பலகையில் எழுதி வை. அட்டை தொங்கினால் அதில் தேதி போடு, என்றைக்குக் கழற்றுவாய் என்பதையும் சேர்த்து. தனியறையில் இருப்பவரை எத்தனை முறை பார்த்தாய் என்று ஏட்டில் எழுது. நர்சுகளைக் கூட்டு, ஒப்பந்தத்தில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக்கு, மருத்துவருக்குக் கொடுக்கும் கையுறையை அவருக்கும் கொடு. கூட இருக்கும் அம்மாவை விரட்டாதே, அவளுக்குக் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் கொடுத்து, என்ன நடக்கிறது என்று அவள் மொழியில் சொல். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு ஆறே மாதத்தில் முடியும் மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் பூட்டுக்கான காரணமே பாதி போய்விடும். மருந்து தட்டுப்பட்ட மாவட்டத்தில் நோயாளியை அடைப்பது, அரசு தன் கடனை அவர் கணக்கில் எழுதுவதுதான்.

இந்தக் கோரிக்கைகளில் புரட்சி எதுவும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். சோப்பும் ஜன்னலும் கேட்பது சீர்திருத்தவாதம் என்பார்கள். அப்படியே இருக்கட்டும். செம்மல்வைஸ் கேட்டது ஒரு கிண்ணம் குளோரின் தண்ணீர்தான். அதைக் கொடுப்பதற்கு மருத்துவர்கள் தங்கள் கை அழுக்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்கும் கதவில் அட்டை மாட்டுவது சுலபமாகவும், கையைக் கழுவுவது கஷ்டமாகவும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.